மணி அடிப்பதற்குள்

1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் இந்தியாவின் முதல் தொலைக்காட்சி நிலையத்தைத் தொடங்கிவைத்தார். வாரத்துக்கு இரண்டு நாள்தான் நிகழ்ச்சி. பிலிப்ஸ் நிறுவனம் ஒரு கண்காட்சிக்காகக் கொண்டுவந்த கருவிகள் கொஞ்சம், யுனெஸ்கோ கொடுத்த 20,000 டாலர், ஆகாசவாணி பவனில் ஒதுக்கிக் கொடுத்த சின்ன ஸ்டுடியோ, இவ்வளவுதான் முதலீடு. 1961 அக்டோபரில், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு, அந்த ஸ்டுடியோவிலிருந்து டெல்லிப் பள்ளிகளுக்கு முறையாகப் பாடம் போகத் தொடங்கியது. தினசரி ஒளிபரப்பு வருவதற்கு 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்த நாட்டில், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அதற்கு நான்கு வருடம் முன்பே வகுப்பில் உட்கார்ந்து இயற்பியலும் வேதியியலும் ஆங்கிலமும் தொலைக்காட்சியில் படித்தார்கள்.

அந்தப் பாடங்கள் நேரலை. வேறு வழியில்லை. ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956-இல் வெளியிட்ட முதல் வீடியோ டேப் இயந்திரத்தின் விலை ஏறக்குறைய 50,000 டாலர். யுனெஸ்கோ தந்த மொத்தப் பணத்தைப்போல் இரண்டரை மடங்கு. ஆகவே ஆசிரியர் ஸ்டுடியோவில் சோதனைக்குழாயைத் தூக்கிப் பிடித்த அதே கணம் பள்ளியில் பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். கை நடுங்கினால் அதையும் பார்த்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு தொலைக்காட்சி ஸ்டுடியோவில் ஃப்ளோர் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்து, பிறகு ஃப்ளோர் மேனேஜராகி, ஓய்வுபெற்றபின் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் மாணவர்களுக்கு நேரலை சொல்லிக்கொடுப்பவள் நான். எங்கள் தொழிலில் இன்றும் புழங்கும் பழக்கங்களில் பாதிக்கு மேல் அந்தக் காலத்துப் பாட ஒளிபரப்புகளில் வேர் உடையவை என்று உறுதியாக நம்புகிறேன். கிரிக்கெட்டுக்கும் அரசியல் கூட்டத்துக்கும் நேரம் கொஞ்சம் முன்பின் ஆகலாம். பள்ளிக்கூடத்துக்கு ஆகாது. மூன்றாம் பீரியட் மணி அடித்துவிட்டால் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள், பாடம் எந்த இடத்தில் நின்றாலும் சரி. கட்டுப்பாடு ஸ்டுடியோவுக்கு வெளியே, எங்கோ ஒரு பள்ளியின் வராந்தாவில் தொங்கும் இரும்புத் தண்டவாளத் துண்டில் இருந்தது.

அதனால் பாட நேரலையைப் பின்னாலிருந்து திட்டமிட வேண்டும். நான் மாணவர்களுக்கு முதல் வாரத்தில் கேமராவைக் கையில் கொடுப்பதில்லை. கோடு போட்ட தாளைக் கொடுக்கிறேன். பாடம் 10:20:00-க்கு முடிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முடிவு கேப்ஷனுக்குப் 15 விநாடி. அப்படியென்றால் ஆசிரியரின் கடைசிச் சொல் 10:19:45. சொன்னதைத் தொகுத்துச் சொல்ல ஒன்றரை நிமிடம்; அது தொடங்க வேண்டியது 10:18:15. அதற்கு முந்தைய சோதனை மூன்று நிமிடம், 10:15:15. இப்படியே ஏறிக்கொண்டே போய்த் தொடக்கத்தைத் தொட்டால், வழக்கமாக அங்கே இரண்டு மூன்று நிமிடம் துண்டு விழும். எதையாவது வெட்டியாக வேண்டும். வெட்டுவதை முதல் நாளே தாளில் வெட்டிவிட்டால் நேரலையில் யார் முகத்திலும் வியர்வை வராது.

நடுவில் ஒரு பகுதியை மட்டும் பென்சிலால் கட்டம் கட்டி வைப்போம். நேரம் இருந்தால் சொல்வது, இல்லையென்றால் விடுவது. பார்ப்பவர்களுக்கு அது விடுபட்டதே தெரியக்கூடாது. அதற்குத் தகுந்தாற்போல முன்னும் பின்னும் வாக்கியங்கள் அமைய வேண்டும். இந்தக் கட்டத்தை ஆசிரியரோடு உட்கார்ந்துதான் போட முடியும். பாடம் தெரியாத தயாரிப்பாளர் தன்னிச்சையாகக் கட்டம் போட்டால், அடுத்த பகுதிக்கு அடிப்படையான சூத்திரம் அதற்குள் மாட்டிக்கொள்ளும்.

டெல்லியின் பாட ஒளிபரப்பில் வேலை செய்த மூத்த பொறியாளர் ஒருவர் எனக்குப் பல விஷயம் சொல்லியிருக்கிறார். அவர் அதிகம் பேசியது கறுப்பு வெள்ளையைப் பற்றி. நீல லிட்மஸ் சிவப்பாக மாறும் என்று வேதியியல் ஆசிரியர் காட்டுவார். திரையில் ஒரு சாம்பல் நிறம் இன்னொரு சாம்பல் நிறமாக இருக்கும். பிள்ளைகளுக்கு ஒன்றுமே நடக்காததுபோலத் தோன்றும். எனவே பாடத்தைத் திட்டமிடும்போதே சோதனையை மாற்ற வேண்டியிருந்தது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் மூச்சை ஊதினால் அது பால்போல் வெளுக்கும். அந்த மாற்றம் திரையில் துல்லியமாகத் தெரியும். நிறம் மாறும் சோதனைகளைத் தள்ளி, படிவு இறங்கும் சோதனைகளையும் குமிழி எழும் சோதனைகளையும் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அப்படி வந்தது. பாடத்திட்டக் குழுவில் கேமராக்காரருக்கும் ஒரு நாற்காலி தேவைப்பட்டதன் காரணம் இதுதான்.

சட்டையும் அப்படித்தான். பளீர் வெள்ளை கேமராவுக்கு ஆகாது. சட்டை எரியும், முகம் கறுத்துப்போகும். வெளிர் நீலமோ சந்தன நிறமோ போட்டுவந்தால் திரையில் அது நல்ல வெள்ளையாகத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்தபிறகும் எத்தனையோ தமிழாசிரியர்கள் வெள்ளை வேட்டி சட்டையில் கம்பீரமாக வந்து இறங்குவார்கள். அவர்களிடம் இதைச் சொல்வது ஃப்ளோர் அசிஸ்டென்ட்டின் வேலை. “ஐயா, முகம் நல்லாத் தெரியணும்னா சட்டைய மட்டும் மாத்திக்கலாங்களா” என்று கேட்பேன். மேக்கப் அறையில் சந்தன நிறச் சட்டை இரண்டு அளவுகளில் எப்போதும் தொங்கும்.

மக்னீசியம் நாடாவை எரித்துக்காட்டும் பாடம் கேமராமேன்களுக்குப் பெரிய பயம். அந்த வெளிச்சம் பழைய கேமராக் குழாயில் பட்டால் அதன் தழும்பு அடுத்தடுத்த காட்சிகளின் மேலும் நிற்கும். தீக்குச்சி உரசும் முன்பே ஒரு கேமரா வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும், இன்னொன்று லென்ஸின் துளையை முடிந்தவரை சுருக்கிக்கொள்ளும். ஒத்திகையில் நாடாவைக் கொளுத்தாமல் வெறும் இடுக்கியைத் தூக்கிக் காட்டிப் பழகுவார்கள்.

பாட நேரலைக்குப் பொதுவாக மூன்று கேமரா. ஒன்று ஆசிரியருக்கு, ஒன்று மேசைமேல் உள்ள பொருளுக்கு, ஒன்று படங்களும் எழுத்தும் உள்ள அட்டைகளுக்கு. மேசையை நேர் மேலிருந்து காட்ட வேண்டுமென்றால் கேமராவை உத்தரத்தில் கட்ட முடியாது. மேசைக்கு மேலே 45 பாகை சாய்த்து ஒரு கண்ணாடியைத் தொங்கவிட்டு, அதில் தெரியும் பிம்பத்தை எடுப்போம். பிம்பம் புரண்டு விழும், எழுத்து தலைகீழாகும். அதற்காகக் கேமராவின் ஸ்கேனையே திருப்பிப்போட ஒரு சுவிட்ச் உண்டு. கண்ணாடி ஷாட் முடிந்ததும் அதை மறக்காமல் பழையபடி வைக்க வேண்டியவர் கேமரா கன்ட்ரோல் யூனிட்டில் உட்கார்ந்திருப்பவர்.

ஒவ்வொரு கேமராமேனுக்கும் அவரவர் ஷாட்டுகள் மட்டும் எழுதிய கேமரா கார்டு இருக்கும். ஷாட்டுகளை மாற்றும் விஷன் மிக்சரிடம் முழு வரிசையும் இருக்கும். தயாரிப்பு உதவியாளர் ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு, மீதம் உள்ள நேரத்தை டாக்பேக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார். கன்ட்ரோல் ரூமில் பேசுவது ஸ்டுடியோவில் உள்ள எல்லோருடைய காதிலும் விழும், ஆசிரியர் காதைத் தவிர. அவருக்கும் கன்ட்ரோல் ரூமுக்கும் நடுவில் இருப்பது ஃப்ளோர் மேனேஜரின் கை மட்டுமே. விரல்களை விரித்தால் அத்தனை நிமிடம் மீதி. இரண்டு கைகளையும் குறுக்கே வைத்தால் அரை நிமிடம். ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் முடித்துக்கொள்ளுங்கள். ரப்பரை இழுப்பதுபோல் கைகளை விலக்கினால் இன்னும் கொஞ்சம் பேசுங்கள்.

நாற்பது பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்தியே பழகிய ஒருவரை, லென்ஸுக்கு மேலே எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பேசச் சொல்கிறோம். புரிந்ததா என்று கேட்டால் யாரும் தலையாட்ட மாட்டார்கள். நல்ல ஃப்ளோர் மேனேஜர் கேமராவை ஒட்டி நின்று, பாடத்தை உண்மையாகவே கேட்பார். புரிந்த இடத்தில் தலையசைப்பார், புரியாத இடத்தில் நெற்றியைச் சுருக்குவார். ஆசிரியரின் குரல் அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டு இயல்பாகிவிடும். இந்த வேலைக்கு எந்தக் கையேட்டிலும் பெயர் இல்லை. ஆனால் பாட ஒளிபரப்பில் மிக முக்கியமான வேலை இதுதான் என்று நான் சொல்வேன். என் பணிக்காலத்தில் நான் மிகவும் நேசித்ததும் இதைத்தான்.

படச்சுருள் காட்ட வேண்டுமென்றால் டெலிசினி. 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர் ஓடத் தொடங்கி, படம் நிலைபெற்று வரச் சில விநாடி ஆகும். இயக்குபவர் படம் தேவைப்படும் கணத்துக்கு முன்பே “ரன் டெலிசினி” என்று சொல்ல வேண்டும். அதற்காக ஆசிரியர் பேசும் பேச்சில் ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே நிச்சயித்து, அதை மட்டும் மாற்றாமல் சொல்லும்படி கேட்டுக்கொள்வோம். புதிதாக வந்த ஒரு தயாரிப்பாளர் தாமதமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். டெலிசினியில் இருந்த பெரியவர் என்னைக் கூப்பிட்டு, “ஏம்மா, படம் என்ன கொழாத் தண்ணியா, திருகினதும் வர்றதுக்கு? அஞ்சு செகண்டு முன்னால சொல்லச் சொல்லும்மா” என்றார். “சரிண்ணே, சொல்லிடறேன்” என்று அப்படியே போய்ச் சொன்னேன். அதன்பின் அந்தத் தயாரிப்பாளரின் ஸ்கிரிப்டில் அந்த ஒரு வாக்கியத்துக்குக் கீழே எப்போதும் சிவப்புக் கோடு இருந்தது.

இத்தனை பேரும் ஸ்டுடியோவில் இருக்கிறவர்கள். பாட ஒளிபரப்பைத் தொடங்கியவர்கள் இன்னொருவரையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது. மறுமுனையில் வகுப்பில் நிற்கும் ஆசிரியர். பெட்டியை நேரத்துக்கு முன் போட்டு வைப்பவர், ஜன்னலைச் சாத்தித் திரையில் வெயில் படாமல் பார்ப்பவர், ஒளிபரப்புக்கு முன் பாடத்தை அறிமுகம் செய்து, முடிந்ததும் கரும்பலகையில் கணக்கைப் போட்டுக்காட்டுபவர். தொலைக்காட்சிப் பாடத்தை முழு பீரியடுக்கும் நீட்டாமல் சுருக்கமாக வைத்ததே அவருக்கு இடம் விடத்தான். அவருக்கான குறிப்பேடு முன்னதாகவே பள்ளிக்குப் போகும். எந்தத் தேதியில் எந்தப் பாடம், வகுப்பில் என்னென்ன பொருள் தயாராக இருக்க வேண்டும், எந்தக் கேள்விகளைப் பின்னால் கேட்கலாம் என்று அதில் இருக்கும். டெல்லித் திட்டத்தை ஆராய்ந்து எழுதிய சமூகவியலாளர் பால் நூராத்தும் ஸ்டுடியோவோடு நிற்காமல் பள்ளிகளுக்குள் போய்ப் பார்த்தவர்.

எங்கள் சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதே மாதம் முதல் தேதிதான் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்குக் கடனாக வாங்கி, ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நேராக நிகழ்ச்சி அனுப்பும் சைட் சோதனையும் ஆரம்பமானது. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. ஆனால் சைட்டின் காலை ஒளிபரப்பு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளுக்கு: ஒன்றரை மணி நேரம், இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என்று நான்கு மொழிக்கும் தலா 22½ நிமிடம். அதில் பெரும்பகுதி முன்பே தயாரித்தது. பாடம் நேரலையிலிருந்து பதிவுக்கு நகர்ந்த காலம் அது.

பதிவு வந்ததும் எல்லாம் உடனே மாறிவிடவில்லை. டேப் விலை அதிகம், எடிட்டிங் அறை கிடைப்பது அரிது. ஆகவே நேரலைபோலவே தொடக்கத்திலிருந்து முடிவுவரை நிறுத்தாமல் எடுத்துப் பதிவு செய்வோம். புனே திரைப்படக் கல்லூரியின் தொலைக்காட்சிப் பிரிவிலும் பயிற்சி அப்படித்தான். பல கேமரா, ஒரே ஓட்டம், ஒவ்வொருவரும் முறைவைத்து ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார வேண்டும். இன்று கேமரா பிடித்தவர் நாளை ஒலி, மறுநாள் கேப்ஷன் அட்டை மாற்றுபவர். அட்டை மாற்றுபவராக நின்று பார்த்த பிறகுதான் ஒருவருக்கு, சத்தமில்லாமல் அட்டையை உருவ எவ்வளவு நேரம் வேண்டும் என்று தெரியும். அதன்பின் அவர் இயக்குநர் நாற்காலியில் அமரும்போது அந்த நேரத்தைக் கொடுப்பார்.

1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடு தழுவிய வகுப்பறை நிகழ்ச்சி இன்சாட்-1பி வழியாகத் தொடங்கியது. அதற்கான தயாரிப்பு மையங்கள் அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் வந்தன. நல்ல ஆவணப்படங்கள் நிறைய வந்தன, அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் எந்தக் கல்லூரியின் எந்த வகுப்பு அந்த மதிய நேரத்தில் பெட்டி முன் இருந்தது என்பதை அறிய ஒளிபரப்பில் எந்த வழியும் இல்லை. மறுமுனை ஆசிரியர் மெல்லப் பட்டியலிலிருந்து நழுவினார்.

தொண்ணூறுகளில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் வழி நேரலைக் கலந்துரையாடல்களை நடத்தத் தொடங்கியபோது மறுமுனை மீண்டும் வந்தது. படம் ஒரு பக்கமாகப் போகும், குரல் இரண்டு பக்கமும் போகும். ஸ்டுடியோவில் புதிய ஆள் தேவைப்பட்டார்: தொலைபேசியை எடுத்து, கேள்வியைக் கேட்டு, ஊர்ப் பெயரைக் குறித்து, “உங்க டிவி சத்தத்தக் கொறைச்சிட்டுப் பேசுங்க” என்று சொல்லி வரிசையில் நிறுத்துபவர். செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய கால் விநாடி ஆகும். டிவி சத்தம் குறையாவிட்டால் கேட்பவர் தன் குரலையே பின்னால் கேட்டுத் திக்குவார். 2004 செப்டம்பரில் எடுசாட் ஏவப்பட்டபின் இந்த வகை வகுப்புகள் பொறியியல் கல்லூரிகளுக்கும் வந்தன. 2019 ஆகஸ்ட் 26 அன்று தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அதற்கு ஸ்டுடியோ. அடுத்த வருடமே கொரோனா வந்து, பள்ளிகள் பூட்டப்பட்டு, லட்சக்கணக்கான வீடுகளின் வகுப்பறை அதுவாயிற்று.

இப்போது என் மாணவர்களிடம் இருப்பது லேப்டாப், ஓ.பி.எஸ். மென்பொருள், மூன்று சின்னக் கேமரா, புத்தகம் அளவுக்கு ஒரு ஸ்விட்சர், யூடியூப். 1961-இல் ஒரு நாட்டுக்கே இருந்த வசதியைவிட அதிகம். நாங்கள் சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளிகளுக்கு இயற்பியல் செய்முறைகளை நேரலையாக அனுப்புகிறோம். திட்டம் போட உட்கார்ந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: “மேம், ஓபிஎஸ்-ல சீன் மாத்த ஒருத்தர் இருந்தாப் போதுமே, எதுக்கு இத்தன பேரு?”

சீன் மாற்றுகிறவர் ஒலியைக் கேட்க மாட்டார் என்றேன். அவர் கண் அடுத்த ஷாட்டில் இருக்கும். ஆசிரியரின் காலர் மைக் துப்பட்டாவில் உரசுவதை வேறொருவர் கேட்க வேண்டும். இன்டர்நெட் வேகம் குறைவதைப் பார்க்க ஒருவர், மொபைல் டேட்டாவில் மாற்று இணைப்போடு தயாராக ஒருவர். ஆசிரியர் எதிரே முகம் காட்டி நிற்க ஒருவர். இந்த இடத்துக்குப் பாடத்தில் உண்மையான ஆர்வம் உள்ளவரைத்தான் போடுவேன். கருத்துப் பெட்டியைப் படிக்க ஒருவர். யூடியூபில் படம் போய்ச் சேரப் பல விநாடி தாமதம் உண்டு என்பதால், கேள்வி வரும்போது ஆசிரியர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். எந்த இடத்தைப் பற்றிய கேள்வி என்று சேர்த்துச் சொல்ல அவருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டியலின் கடைசி வரிகளில் பள்ளிகளின் பெயரும், அங்கே பெட்டி முன் நிற்கப்போகும் ஆசிரியரின் பெயரும் எழுதச் சொல்வேன். குழுவில் ஒரு மாணவிக்கு அவர்களோடு பேசுவது மட்டுமே வேலை. மூன்று நாள் முன்பே ஒரு பக்கக் குறிப்பு அவர்களுக்குப் போக வேண்டும்: என்ன செய்துகாட்டப் போகிறோம், வகுப்பில் என்ன பொருள் வேண்டும், எத்தனை மணிக்கு எந்தப் பகுதி. தொடங்குவதற்கு இருபது நிமிடம் முன்னால் ஒவ்வொருவருக்கும் போன் செய்து படமும் சத்தமும் வருகிறதா என்று கேட்க வேண்டும்.

தனி ஊசல் பாடத்தன்று அவள் நடுவில் எழுந்துவந்து டாக்பேக்கில் சொன்னாள், ஒரு பள்ளியில் கரண்ட் போய்விட்டது என்று. இயக்கிக்கொண்டிருந்த பையன் என்னைப் பார்த்தான். மற்றப் பள்ளிகளுக்காகப் பாடம் ஓட வேண்டும் என்று சைகை காட்டினேன். அவள் போனோடு வெளியே போனாள். அந்தப் பள்ளியின் ஆசிரியையிடம் நாங்கள் அனுப்பிய குறிப்பு இருந்தது. அதில் கேட்டிருந்தபடி நூலும் மூன்று அளவுக் கற்களும் கைக்கடிகாரமும் மேசைமேல் இருந்தன. எங்கள் ரன்னிங் ஆர்டரில் எந்த நேரத்தில் எந்த நீளத்துக்கு நூலைக் குறைக்கப்போகிறோம் என்றும் அவரிடம் எழுத்தில் இருந்தது. ஜன்னல் கம்பியில் கல்லைக் கட்டி, பிள்ளைகளை எண்ணச் சொல்லி, அவரே நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் மாணவி போனில் அவருக்கு அடுத்த நீளத்தைச் சொன்னாள், அவர் பிள்ளைகள் எடுத்த அளவைத் திருப்பிச் சொன்னார். அவள் அதைத் தாளில் எழுதி ஃப்ளோருக்குக் கொண்டுவந்தாள். பென்சில் கட்டம் போட்டு வைத்திருந்த பகுதியை விட்டுவிட்டு, எங்கள் ஆசிரியர் அந்தப் பள்ளியின் அளவைத் தன் அளவுக்குப் பக்கத்தில் பலகையில் எழுதிக் கணக்குப் போட்டார். 10:20-க்கு முடிந்தது.

மறுநாள் அடுத்த பாடத்துக்கான படிவத்தை அவள் திருத்திக்கொண்டு வந்தாள். பள்ளியின் பெயர், ஆசிரியர் பெயர், போன் எண் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இரண்டு கட்டம் புதிதாக இருந்தது: வகுப்பில் இன்வெர்ட்டர் உண்டா, அந்தப் பள்ளியில் மூன்றாம் பீரியட் மணி உண்மையில் எத்தனை மணிக்கு அடிக்கிறது.